பத்து வருட லேப்டாப்: ரேம் போடலாமா, எஸ்எஸ்டி போடலாமா, விட்டுவிடலாமா?

மாலைநேரம்:

எல்லோருக்கும் வணக்கம். 2015இல் வாங்கிய லேப்டாப் ஒன்று வைத்திருக்கிறேன். இன்டெல் ஐ3 4005யு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. இப்போதெல்லாம் பவர் பட்டனை அழுத்திவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு வந்தால்தான் டெஸ்க்டாப் தெரிகிறது. ஒருநாள் கடிகாரம் பார்த்தேன், பிரவுசர் திறக்கும் வரை 9 நிமிடம் ஆனது. ஃபேன் எப்போதும் இரைகிறது, பேட்டரி 20 நிமிடம்கூட நிற்பதில்லை, சார்ஜரிலேயே போட்டு வைத்துத்தான் வேலை பார்க்கிறேன். மின்சாரம் போய் அணைந்துவிட்டால் தேதியும் நேரமும் தப்பாகிவிடுகிறது.

பழுது பார்க்கக் கொடுத்தேன். திறந்துகூடப் பார்க்காமல் "போர்டு போச்சு, புதுசு வாங்கிக்குங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். புதிது வாங்கும் நிலையில் இப்போது இல்லை. எனக்குத் தேவை அதிகமில்லை: தமிழில் தட்டச்சு வேலை, மகனுக்கு வீடியோ பாடம், அவ்வளவுதான். அப்பாவின் கடைசி இரண்டு வருடப் படங்கள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன.

கொஞ்சம் செலவு செய்தால் இது இன்னும் மூன்று நான்கு வருடம் ஓடுமா? ஓடும் என்றால் முதலில் எதை மாற்ற வேண்டும்? லேப்டாப்பைத் திறந்து பழக்கமில்லை, ஆனால் கற்றுக்கொள்ளத் தயார்.

திருப்புளி:

வணக்கம் நண்பரே. போர்டு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகை) போயிருந்தால் 9 நிமிடம் கழித்துக்கூட டெஸ்க்டாப் வராது. அந்த முடிவை மறந்துவிடுங்கள்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கம்ப்யூட்டர் மந்தமாக இருக்கும் நேரத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சிபியு (கணக்குப் போடும் சிப்), மெமரி (ரேம், வேலை நடக்கும்போது தகவல் தங்கும் இடம்), டிஸ்க் என்ற மூன்றில் எது 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள். உங்கள் விவரத்தை வைத்துப் பார்த்தால் டிஸ்க்தான் என்று பந்தயம் கட்டுவேன். காரணம் எளிது. லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும், அதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்டு. கேட்ட தகவல் ஊசிக்கு அடியில் வருவதற்கே சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், ஊசி அந்த இடத்துக்கு நகரும் நேரம் அதற்கு மேல். இரண்டையும் கூட்டினால் ஒரு விநாடியில் 60, 70 சிறு துண்டுகளைத்தான் அதனால் பொறுக்க முடியும். விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கேட்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் ஊசியும் இல்லை, அதே வேலையை விநாடிக்கு ஆயிரக்கணக்கில் செய்துவிடும். பெரிய ஃபைலை நகலெடுக்கும்போது ஐந்து மடங்கு வேகம் என்று விளம்பரம் சொல்லும். அன்றாட வேலையில் தெரியும் வித்தியாசம் அதைவிடப் பெரியது, அது இந்தச் சிறு துண்டுகளால் வருவது.

ஆகவே எஸ்எஸ்டிதான் முதலில். உங்கள் லேப்டாப்புக்கு 2.5 அங்குல சாட்டா (இப்போதைய ஹார்ட் டிஸ்க் செருகியிருக்கும் அதே இணைப்பு) எஸ்எஸ்டி, 7 மில்லிமீட்டர் தடிமன். எம்.2 என்விஎம்இ என்று மெல்லிய பட்டை ஒன்று விற்கும், அதை வாங்கிவிடாதீர்கள், அந்தக் காலத்து லேப்டாப்பில் அதற்கு இடம் இருக்க வாய்ப்பு குறைவு. சாட்டாவின் உச்சவரம்பே விநாடிக்குச் சுமார் 550 எம்பிதான், அதனால் "மிக வேகமானது" என்று அதிக விலைக்கு விற்பதை வாங்கியும் பயனில்லை. 240 அல்லது 256 ஜிபி போதும். பெயர் தெரியாத கம்பெனி வேண்டாம், அது ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்.

இன்னொன்று, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கி உங்கள் ஹார்ட் டிஸ்க்கின் நிலையை இங்கே எழுதுங்கள். அப்பாவின் படங்கள் என்று சொன்னீர்களே, அதனால்தான் கேட்கிறேன்.

பழையகுப்பி:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். 4 ஜிபி ரேமில் இன்றைய பிரவுசரில் ஆறு டேப் திறந்தாலே நிரம்பிவிடும், நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும், டிஸ்க் 100 சதவீதம் காட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். 8 ஜிபி ஆக்கினால் அந்த அலைச்சல் நிற்கும்.

வாங்கும்போது எழுத்தைக் கவனியுங்கள். 4005யு சிப்புக்கு டிடிஆர்3எல் வகை ரேம் வேண்டும், 1.35 வோல்ட். ரேமின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் பிசி3எல்-12800 என்று இருக்கும், அந்த "எல்" முக்கியம். "எல்" இல்லாத 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் பல லேப்டாப் எழுந்திருக்கவே செய்யாது. டிடிஆர்4 பொருந்தாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. டெஸ்க்டாப் ரேம் நீளமாக இருக்கும், அதுவும் பொருந்தாது.

திருப்புளி:

குப்பி சொல்வது சரிதான், ஆனால் ஒன்றுக்கு மட்டும்தான் இப்போது கையில் காசு என்றால் எஸ்எஸ்டி. ரேம் நிரம்பி எஸ்எஸ்டிக்கு வழிந்தாலும் சமாளித்துவிடலாம், ஹார்ட் டிஸ்க்குக்கு வழிந்தால் முடியாது. ரேமை அடுத்த மாதம் போட்டுக்கொள்ளலாம். காலி ஸ்லாட் இருக்கிறதா என்று டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியிலேயே தெரியும்.

மாலைநேரம்:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு ரொம்ப நன்றி அண்ணா. டாஸ்க் மேனேஜர் பார்த்தேன். சிபியு 15, மெமரி 78, டிஸ்க் 100. அரை மணி நேரம் கழித்தும் டிஸ்க் இறங்கவில்லை. மெமரியில் 2 ஸ்லாட்டில் 1 பயன்பாட்டில் என்று போட்டிருக்கிறது.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் மஞ்சள் கட்டம் வந்தது. சி5 என்ற வரியில் பூஜ்யங்களுக்குக் கடைசியில் 30 என்று இருக்கிறது. 05 வரியில் 8. இது கெட்டதா?

அப்புறம் ஒரு சின்ன விஷயம், இதற்குத் தொடர்பு இருக்குமா தெரியாது, இரண்டு மாதமாக டச்பேடை அழுத்தினால் கிளிக் விழுவதில்லை, கல் மாதிரி இறுகிவிட்டது. அதனால் மவுஸ் செருகி வைத்திருக்கிறேன். அதுவும் மாற்ற வேண்டியதுதானா?

மின்சரடு:

அக்கா, எஸ்எஸ்டி, ரேம் எல்லாம் அப்புறம். முதலில் லேப்டாப்பை ஷட்டவுன் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள், இதைப் படித்து முடித்த உடனே.

டச்பேட் இறுகியதற்குக் காரணம் டச்பேட் இல்லை என்று நினைக்கிறேன். உங்களுடையது உள்ளே வைத்த பேட்டரி என்றால் அது பெரும்பாலும் டச்பேடுக்கு நேர் கீழே இருக்கும். பேட்டரி உப்பினால் கீழிருந்து தள்ளும், மேலே அழுத்த இடமில்லாமல் போகும். வேறு அடையாளமும் பாருங்கள்: சமமான மேசையில் வைத்தால் ஆடுகிறதா, ஓரத்தில் மூடி வாய் பிளந்திருக்கிறதா, மூடினால் நடுவில் இடிக்கிறதா. லித்தியம் பேட்டரி பழசாகும்போது உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயு உண்டாகிறது, பை மாதிரி இருக்கும் அந்த உறை ஊதிக்கொள்கிறது. வருடக்கணக்காக 100 சதவீத சார்ஜில், சூட்டில், எப்போதும் சார்ஜரிலேயே கிடந்தால் இது சீக்கிரம் வரும். நீங்கள் எழுதியது அப்படியே பொருந்துகிறது.

திறக்கும்போது சில விஷயங்கள். உப்பியதை அமுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர முயலக் கூடாது. ஓட்டை போட்டு வாயுவை வெளியேற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவே கூடாது, தீப்பிடிக்கும். அடிமூடியைக் கழற்றியதும் பேட்டரியிலிருந்து போர்டுக்குப் போகும் வயரின் முனையை முதலில் பிடுங்குங்கள், வயரை இழுக்காமல் பிளாஸ்டிக் முனையை நகத்தால் தள்ளி. பேட்டரி திருகால் பிடித்திருந்தால் திருகை எடுத்தாலே வந்துவிடும். பசையால் ஒட்டியிருந்தால் இரும்பு எதையும் உள்ளே விடாதீர்கள், பழைய ஏடிஎம் கார்டு மாதிரி பிளாஸ்டிக் பட்டையால் மெதுவாக, அவசரமே இல்லாமல். எடுத்ததும் தீப்பிடிக்கும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள், குழந்தை கை எட்டாமல். குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டுமே பெரும்பாலான லேப்டாப் ஓடும். சில மாடல் அப்படி ஓடும்போது சிபியுவின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அது பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. மின்சாரம் போனால் சட்டென்று அணைந்துவிடும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

திருப்புளி:

மின்சரடு கவனித்ததை நான் தவறவிட்டேன், நல்லவேளை சொன்னீர்கள். பேட்டரியை எடுத்த பிறகு கீழே உள்ளதைப் படியுங்கள்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ எண்களைப் பதினாறின் அடிமானத்தில் காட்டும். 30 என்றால் நம் கணக்கில் 48. அதாவது 48 செக்டார்களை (டிஸ்க்கின் சிறு சேமிப்புக் கட்டங்கள்) படிக்க முடியாமல் டிஸ்க் தடுமாறுகிறது, 8 செக்டார் ஏற்கெனவே கெட்டு மாற்றிடம் கொடுக்கப்பட்டுவிட்டது. நாளையே செத்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் இந்த எண்கள் ஏறத் தொடங்கிய டிஸ்க்கை நான் ஒரு நாளும் நம்பியதில்லை. உங்கள் 9 நிமிடத்தில் பாதி, இந்த 48 இடங்களைத் திரும்பத் திரும்பப் படிக்க முயல்வதால்கூட இருக்கலாம்.

அதனால் இந்த டிஸ்க்கை வைத்து விண்டோஸை இனி துவக்காதீர்கள். ஒவ்வொரு முறை துவங்கும்போதும் அது எழுதும், படிக்கும், நமக்கு வேண்டாத உழைப்பு. டிஸ்க் பழுது பார்க்கும் செக்டிஸ்க், தகவலை அடுக்கி வைக்கும் டிஃப்ராக் இரண்டும் இப்போது கூடவே கூடாது, சரிசெய்கிறேன் என்று டிஸ்க் முழுவதையும் உழுதுவிடும். வேறொரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட்டை (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளம்) 8 ஜிபி பென்டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள், அதற்கு ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருள் போதும். அந்தப் பென்டிரைவிலிருந்து துவக்கி, எதையும் நிறுவாமல், ஃபைல் மேனேஜரில் பழைய டிஸ்க்கைத் திறந்து படங்களை மட்டும் முதலில் வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். படங்கள், அடுத்து உங்கள் ஆவணங்கள், மற்றதெல்லாம் கடைசி. ஒரே மூச்சில் முழு டிரைவையும் இழுத்துப் போட வேண்டாம், நடுவில் ஒரு கெட்ட இடத்தில் மாட்டினால் எல்லாம் நின்றுவிடும்.

ஏதாவது ஃபோல்டர் நகல் ஆகாமல் முரண்டு பிடித்தால் வம்பு செய்யாமல் நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள். டிடிரெஸ்க்யூ என்று ஒரு கருவி இருக்கிறது. நல்ல இடங்களை முதலில் எல்லாம் எடுத்துக்கொண்டு கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும், எங்கே நின்றோம் என்று குறித்து வைத்துக்கொண்டு மறுநாள் தொடரவும் செய்யும். அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு குளோன் செய்யலாமா என்று கேட்பீர்கள். நோயுள்ள டிஸ்க்கைக் குளோன் செய்தால் அதன் சிதைந்த ஃபைல்களும் சேர்ந்து வரும். புதிதாக நிறுவுவதே நல்லது.

மாலைநேரம்:

திறந்துவிட்டேன். உப்பித்தான் இருந்தது, மூன்று பைகளில் நடுவில் இருப்பது தலையணை மாதிரி. பார்த்தபோது கை நடுங்கிவிட்டது, இதற்குப் பக்கத்தில்தான் மகன் தினமும் உட்கார்ந்து படித்தான். திருகால் பிடித்திருந்தது, நாலு திருகு எடுத்ததும் வந்துவிட்டது. மண் நிரப்பிய தொட்டியில் வைத்து வெளியே வைத்திருக்கிறேன். டச்பேட் இப்போது பழையபடி கிளிக் ஆகிறது! மின்சரடு தம்பி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

பேட்டரி இல்லாமல் சார்ஜரில் பென்டிரைவ் மூலம் துவக்கினேன். அப்பாவின் படங்கள் 3100 சொச்சம். 11 படங்களைத் தவிர எல்லாம் வந்துவிட்டன, அந்த 11 படங்களும் ஒரே ஃபோல்டர். சொன்னபடி நிறுத்திவிட்டேன்.

இன்னொரு கேள்வி. உள்ளே ஃபேன் பக்கம் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி அடைத்திருக்கிறது. எடுக்கலாமா? அப்புறம் புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸ் போடுவதா, லினக்ஸா?

நிழல்மரம்:

அந்தக் கம்பளிதான் உங்கள் ஃபேன் சத்தத்துக்குக் காரணம். ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் படிந்து காற்று வெளியே போக விடாமல் அடைத்துவிடும். சிப் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மந்தத்துக்கு அதுவும் ஒரு பங்கு. ஃபேனின் திருகுகளை எடுத்துத் தூக்கினால் அந்தக் கம்பளி ஒரு பாய் மாதிரி மொத்தமாக வரும். காற்று ஊதினால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், சுழல விட்டால் அச்சு கெடும். தெர்மல் பேஸ்டை (சிப்பின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் பசை) இப்போது தொட வேண்டாம், தூசி எடுத்த பிறகும் சூடு குறையாவிட்டால் பார்க்கலாம். திருகுகளை எடுக்கும்போது ஒரு தாளில் லேப்டாப்பின் வடிவம் வரைந்து அந்தந்த இடத்தில் செருகி வையுங்கள், நீளத் திருகைக் குட்டைத் துளையில் போட்டு முறுக்கினால் மேல்பக்கப் பிளாஸ்டிக் வெடிக்கும்.

விண்டோஸா லினக்ஸா என்பதில் என் கருத்து: லினக்ஸ். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் 8ஆம் தலைமுறை சிப் கேட்கிறது, உங்களுடையது 4ஆம் தலைமுறை. கட்டுப்பாட்டைத் தாண்டி நிறுவ வழி இருக்கிறது, ஆனால் பின்னால் அப்டேட் வருமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை, வேலைக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் நான் அதைச் செய்ய மாட்டேன். லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு போடுங்கள், 2029 வரை அப்டேட் உண்டு. ஏற்கெனவே பென்டிரைவில் ஓட்டிவிட்டீர்கள், வைஃபை, ஒலி, கேமரா மூன்றும் வேலை செய்ததா என்று மட்டும் அதிலேயே சோதித்துக்கொள்ளுங்கள்.

தட்டச்சைப் பற்றிக் கவலை வேண்டாம். ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள் இரண்டையும் நிறுவினால் தமிழ்99, பழைய டைப்ரைட்டர் முறை, ஃபொனெட்டிக் மூன்றும் கிடைக்கும். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த ஆவணங்கள் இருந்தால் அந்த எழுத்துரு ஃபைலையும் மறக்காமல் விண்டோஸ் ஃபோல்டரிலிருந்து எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் திறக்கும்போது எழுத்து எல்லாம் குழம்பித் தெரியும். நான் இதில் ஒருமுறை மாட்டி இரண்டு நாள் தேடினேன்.

மகனின் வீடியோவுக்கு ஒன்று. யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9 என்ற சுருக்க வடிவில் அனுப்புகிறது, இந்தச் சிப்பில் அதை விரிக்கத் தனி வன்பொருள் இல்லை, எல்லாச் சுமையும் சிபியு மேல் விழும், படம் திக்கித் திக்கி வரும். எச்264ஐஃபை என்ற நீட்சியைப் பிரவுசரில் சேர்த்தால் பழைய எச்.264 வடிவில் கேட்டு வாங்கும், அதற்கு வன்பொருள் இருக்கிறது. 720பியில் வைத்தால் நிம்மதியாக ஓடும்.

மாலைநேரம்:

மூன்று வாரம் ஆயிற்று, என்ன ஆனது என்று சொல்ல வந்தேன்.

டிடிரெஸ்க்யூ இரண்டு இரவு ஓடியது. திருப்புளி அண்ணா தனியாக எழுதி அனுப்பிய படிகளை ஒவ்வொன்றாகச் செய்தேன். 11 படங்களில் 9 வந்துவிட்டன. ஒன்றில் கீழ்ப்பாதி சாம்பலாக இருக்கிறது, ஆனால் அப்பாவின் முகம் மேல்பாதியில் இருக்கிறது. ஒன்று மட்டும் வரவேயில்லை. எல்லாவற்றையும் இரண்டு வெளி டிஸ்க்கில் நகலெடுத்து ஒன்றைத் தங்கை வீட்டில் கொடுத்துவிட்டேன்.

256 ஜிபி எஸ்எஸ்டி, மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. பட்டனை அழுத்தியதிலிருந்து பிரவுசர் திறக்கும் வரை 40 விநாடி. முதல்முறை நம்பாமல் திரும்ப அணைத்துப் போட்டுப் பார்த்தேன். தூசி எடுத்த பிறகு ஃபேன் வீடியோ ஓடும்போது மட்டும் சத்தம் போடுகிறது. தமிழ்99 பழைய வேகத்தில் அடிக்க முடிகிறது. ரேம் இன்னும் வாங்கவில்லை, 4 ஜிபியிலேயே என் வேலை நடக்கிறது, மகன் பாடம் கேட்கும்போது மற்ற டேப்களை மூடச் சொல்லியிருக்கிறேன். குப்பி அண்ணா சொன்ன "எல்" எழுத்தைக் குறித்து வைத்திருக்கிறேன்.

பேட்டரி இல்லாமலேயே ஓட்டுகிறேன். மிச்சம் ஒன்றே ஒன்று, சார்ஜரைப் பிடுங்கினால் தேதி இன்னும் தப்பாகிறது. அதற்கும் உள்ளே ஒரு செல் இருக்குமாமே?

மின்சரடு:

இருக்கும் அக்கா. சிஆர்2032 என்று பொறித்த வட்ட செல், 3 வோல்ட், போர்டில் வெள்ளிக் காசு மாதிரி தெரியும். சில லேப்டாப்பில் அது கறுப்பு உறைக்குள் இரண்டு வயரோடு இருக்கும், அப்படி என்றால் அதே மாதிரி வயர் வைத்ததையே வாங்குங்கள், வெறும் செல்லில் வயரைப் பற்றவைக்கக் கூடாது. மாற்றியதும் பயாஸில் (லேப்டாப் துவங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) தேதியைச் சரிசெய்துவிட்டு, சாட்டா அமைப்பு ஏஹெச்சிஐ என்றே இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், செல் எடுத்தால் பயாஸ் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். புதிய பேட்டரி வாங்கும்போது பழையதன் மேல் அச்சிட்ட மாடல் எண்ணை இங்கே எழுதுங்கள், வோல்ட்டும் கனெக்டரும் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.